‘மதாம் பொவாரி’யைப் புதிதாகத் தமிழில் மொழிபெயர்ப்பது எப்படி?

குஸ்தாவ் ஃபுளோபேர் எழுதிய ‘மதாம் பொவாரி’ 1856 ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் ‘ரெவ்யூ த பாரி’ என்ற இதழில் தொடராக வந்தது. அதன்பின் பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் ஊறு செய்ததாக வழக்குத் தொடரப்பட்டு, 1857 பெப்ரவரி 7 ஆம் நாள் ஆசிரியர் விடுதலை செய்யப்பட்டார். சில வாரங்களில் அது நூலாகவும் வெளிவந்தது. ஊர்ப்புற மருத்துவன் ஷார்லை மணந்து, சலிப்பில் ரொடோல்ஃப், லெயோன் என்ற இருவரைக் காதலித்து, கடனில் மூழ்கி மாண்டுபோகும் எம்மா பொவாரியின் கதையைச் சொல்லும் பிரெஞ்சு நாவல் அது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு இந்த நாவலை இன்றைய வாசகருக்காகப் புதிதாகத் தமிழாக்க விரும்பும் ஒருவருக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் கல்லடியில் வாரந்தோறும் கூடி, முதற் பாகத்தின் ஒன்பது அத்தியாயங்களையும் முடித்து, இரண்டாம் பாகத்தின் நடுவில் நிற்கிறோம். கீழே சொல்லப்படுபவை அந்த வேலையின்போது எழுதியும் அழித்தும் கண்டவை.

‘இன்றைய வாசகருக்காக’ என்ற சொற்றொடரை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நீண்ட வர்ணனைகளை வெட்டிக் கதையை மட்டும் தருவதும், நோர்மாண்டி நாட்டுப்புறத்தை வாவிக்கரைக்கு இடம் மாற்றிக் கதைமாந்தருக்கு நம் ஊர்ப் பெயர் சூட்டுவதும் வேறு வகை வேலைகள். தமிழில் அவற்றுக்கு நீண்ட மரபு உண்டு, அவற்றை நான் குறைவாக மதிக்கவும் இல்லை. ஆனால் ஃபுளோபேர் 1851 செப்ரெம்பரில் தொடங்கி 1856 ஏப்ரலில் முடித்த இந்த நாவலில், எது முன்னால் கண்ணில் படுகிறது, எது பின்னால் படுகிறது, யாருடைய மனத்திலிருந்து ஒரு வாக்கியம் எழுகிறது என்பவையே கதையைச் சுமக்கின்றன. அவற்றை இன்று உயிரோடிருக்கும் தமிழில் அப்படியே கேட்கச் செய்வதுதான் புதிய மொழிபெயர்ப்பின் கடமை என்று நான் நம்புகிறேன். அந்தக் கடமைக்கு நம் கிழக்குத் தமிழிலும் பொதுவான இலங்கைத் தமிழிலும் நாம் எண்ணியிராத வசதிகள் பல கிடக்கின்றன.

மூலமும் துணைநூல்களும்

ஃபுளோபேர் உயிரோடிருந்தபோது 1873 இல் ஷார்பான்தியே பதிப்பகம் வெளியிட்ட பதிப்பையே மூலமாகக் கொள்ளுங்கள். வழக்கு விசாரணையின் உரைகளும் அதில் பின்னிணைப்பாக உள்ளன. அவர் 1880 இல் இறந்துவிட்டதால் மூலத்துக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. பிரெஞ்சு விக்கிமூலத்திலும், பிரான்சின் தேசிய நூலகத்தின் ‘கலிக்கா’ தளத்திலும் நூலை இலவசமாகப் பெறலாம். கையெழுத்துப் படிகள் ரூவான் நகர நூலகத்தில் உள்ளன. அவற்றின் படங்களையும் எழுத்துப்பெயர்ப்பையும் ரூவான் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு வாக்கியம் எதை நோக்கிப் போகிறது என்று விளங்காதபோது, அதே வாக்கியத்தை அவர் முன்பு எப்படி எழுதி எதை அடித்தார் என்று பார்த்தால், பல தடவை வழி திறந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் லூயிஸ் கொலே என்ற கவிஞருக்கு அவர் அனுப்பிய கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகராதிகளில் லித்ரேயின் பேரகராதி 1863 முதல் 1872 வரை வெளிவந்தது. ஃபுளோபேரின் காலத்துப் பொருளை அறிய அதைவிட நெருக்கமான துணை இல்லை. ‘திரெசோர்’ அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குருமார் 1855 இலும் 1862 இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்-பிரெஞ்சு அகராதி, இந்த நாவல் வெளிவந்த காலத்திலேயே செய்யப்பட்டது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. தமிழ்ப் பக்கத்தில் கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், நம் வட்டாரச் சொற்களுக்கு வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) என்ற நூலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உங்கள் பிரெஞ்சு அரைகுறையானது என்றால் தயங்க வேண்டாம். ஆனால் தனியாக இறங்க வேண்டாம். நம் மாவட்டங்களில் பாரிசில் உறவினர் இல்லாத தெருவைக் காண்பது கடினம். லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் மாமாவைவிட, அங்கே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த அவருடைய மகளே இந்த வேலைக்கு உதவுவாள். இந்த நாவலின் கதைகூறல் பெரும்பாலும் ‘பசே சாம்பிள்’ என்ற இறந்தகால வடிவத்தில் ஓடுகிறது. அது இன்றைய பேச்சில் இல்லை, புத்தகத்தில்தான் உண்டு, ஆகவே அங்கே பள்ளியில் படித்தவர்களுக்கே அது பழக்கமாக இருக்கும். அவளிடம் “இதன் கருத்து என்ன?” என்று கேட்காதீர்கள், கருத்தை அகராதி சொல்லிவிடும். “இது உன் காதுக்கு எப்படிக் கேட்கிறது? பெரிய மனிதர் பேச்சா, பழசா, கேலியா, முரடா?” என்று கேளுங்கள். பெயர்களையும் அவளையே வாசித்துக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். ஷார்ல், எம்மா, லெயோன், ரொடோல்ஃப், பினே, ஒமே என்று கேட்ட ஒலியில் எழுதிவிட்டால், எழுத்தைப் பார்த்து ‘ஹோமாய்ஸ்’ என்று எழுதும் பிழை நேராது.

ஆங்கில மொழிபெயர்ப்பை ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எலினோர் மார்க்ஸ் 1886 இல் செய்ததும் லிடியா டேவிஸ் 2010 இல் செய்ததும் பல சிக்கல்களை அவிழ்க்க உதவும். ஆனால் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பது இந்த நாவலுக்கு இழைக்கும் பெரிய அநீதி. ஏன் என்பதை நீ, நீங்கள் என்ற சொற்களைப் பற்றிப் பேசும்போது காட்டுகிறேன்.

முதல் வாக்கியம்

ஷார்ல் புதிய மாணவனாக வகுப்பறைக்குள் வரும் காட்சியில், ‘நூ’ என்ற சொல்லோடு நாவல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல், தமிழில் இரண்டு. ‘நாம்’ என்று எழுதினால் வாசகரும் அந்த வகுப்பறையில் உட்கார்ந்துவிடுகிறார். ‘நாங்கள்’ என்று எழுதினால் ஒரு மாணவர் கூட்டம் தன் கதையை வெளியில் நிற்கும் வாசகருக்குச் சொல்லத் தொடங்குகிறது. அந்தக் கூட்டம் புதியவனைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம். முதலாம் அத்தியாயம் முடிவதற்குள், அவனைப் பற்றி எங்களில் எவருக்கும் இப்போது எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டு அது மறைந்துபோகிறது. ஆகவே ‘நாங்கள்’ என்பதே சரி. பிரெஞ்சிலேயே வெளிப்படையாக இல்லாத ஒரு வேறுபாட்டைத் தமிழ் இங்கே கட்டாயமாகக் கேட்கிறது. மொழிபெயர்ப்பாளர் முதற் சொல்லிலேயே நாவலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியவராகிறார்.

அடுத்து ‘புரோவிசேர்’. சென்னையில் ‘தலைமையாசிரியர்’ என்பார்கள். நமக்கு ‘அதிபர்’ என்ற சொல் பாடசாலை வாசலிலேயே நிற்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு ‘அதிபர்’ நாட்டுத் தலைவரை நினைவூட்டலாமே என்ற தயக்கம் எங்களுக்கும் வந்தது. ஆனால் வகுப்பறைக்குள் அதிபர் நுழைகிறார் என்ற சூழலே பொருளைச் சொல்லிவிடும். புதியவன் பாடசாலைச் சீருடையில் இல்லாமல் ஊருக்குள் உடுத்தும் உடுப்பில் வருகிறான். நம் பிள்ளைகள் ‘கலர் உடுப்பு’ என்று சொல்வது அதைத்தான். அந்தச் சொல்லைப் போடக் கை துடித்தது. ஆனால் அது வெள்ளைச் சீருடையை முன்வைத்துப் பிறந்த சொல் என்பதால் விட்டுவிட்டோம்.

பெரிய சிக்கல் சொல்வரிசையில் இருக்கிறது. ஃபுளோபேரின் வாக்கியத்தில் முதலில் நாங்கள், பிறகு அதிபர், அவர் பின்னால் புதியவன், அவன் பின்னால் பெரிய மேசையைச் சுமந்த பணியாள் என்று, கதவு திறந்தவுடன் கண் எப்படிப் பார்க்குமோ அப்படிக் காட்சி வருகிறது. தமிழின் இயல்புப்படி பெயரெச்சங்களை முன்னால் அடுக்கினால், மேசையைச் சுமந்த பணியாளும் ஊர் உடுப்பு உடுத்த புதியவனும் பின்தொடர அதிபர் கடைசியில் நுழைவார், ஊர்வலம் தலைகீழாகிவிடும். முன்னால் வர வேண்டியதை ஒரு வினைமுற்றால் முடித்து, காற்புள்ளி இட்டு, மீதியைத் தொடர்வதே நாங்கள் கண்ட வழி: “நாங்கள் படிப்பறையில் இருந்தோம், அப்போது அதிபர் உள்ளே வந்தார், அவருக்குப் பின்னால், சீருடையில்லாமல் ஊர் உடுப்பில் புதியவன் ஒருவனும், பெரிய எழுதுமேசை ஒன்றைச் சுமந்தபடி ஒரு பணியாளும் வந்தார்கள்.” ஒரு வாக்கியம் ஒரு வாக்கியமாகவே நிற்கிறது, கண்ணின் வரிசையும் காக்கப்பட்டிருக்கிறது. நீண்ட வாக்கியம் எதைச் சந்தித்தாலும் முதலில் ஒரு தாளில் அது எவ்வெவற்றை எந்த வரிசையில் காட்டுகிறது என்று எண்ணிட்டு எழுதுங்கள். தமிழ் வாக்கியம் அந்த எண்களின் வரிசையில் வருகிறதா என்று பின்னர் சரிபாருங்கள். எண் மாறியிருந்தால், சொற்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுபடி எழுதுங்கள்.

அதே அத்தியாயத்தில் புதியவனின் தொப்பி வருகிறது. மயிர்த்தொப்பி, போலந்துப் போர்வீரர் தொப்பி, வட்டத்தொப்பி, நீர்நாய்த் தோல்தொப்பி, பருத்தித் துணித்தொப்பி என்று ஐந்து வகைகளின் கூறுகளும் கலந்த ஒரு பரிதாபமான பொருள் அது. பிரெஞ்சில் ஐந்துக்கும் தனித்தனியான பெயர்கள். தமிழில் எல்லாமே தொப்பி. ஒவ்வொரு தடவையும் ‘தொப்பி’ என்ற சொல் திரும்பி வருவதை மறைக்க முயலாதீர்கள், அந்தத் திரும்பல் கேலிக்கு உதவுகிறது. நீண்ட வர்ணனை முடிந்ததும் மிகச் சிறிய வாக்கியம் ஒன்று வருகிறது: “தொப்பி புதிது, அதன் முன்விளிம்பு பளபளத்தது.” இதைச் சிறியதாகவே விட வேண்டும்.

நீ, நீர், நீங்கள்

பிரெஞ்சில் நெருக்கத்துக்கு ‘தூ’, மரியாதைக்கும் தூரத்துக்கும் ‘வூ’ என்று இருவகை முன்னிலை உண்டு. எம்மாவும் ரொடோல்ஃபும் விவசாயக் கண்காட்சியிலும் காட்டுக்குக் குதிரைச் சவாரி போகும்போதும் ஒருவரையொருவர் ‘வூ’ என்றே அழைக்கிறார்கள். சில நாட்களின் பின், ஒரு விடியற்காலையில் அவள் பனி நனைந்த புல்வெளியைக் கடந்து அவனுடைய வீட்டுக்குள் நுழையும்போது, அவன் வாயிலிருந்து ‘தூ’ வந்துவிடுகிறது: “வந்துவிட்டாயா! எப்படி வந்தாய்? உன் சட்டை நனைந்திருக்கிறதே!” பிறகு, கூட்டிக்கொண்டு ஓடுவதாகச் சொன்ன நாளுக்கு முன், அவளைக் கைவிட்டு எழுதும் கடிதத்தில் அவன் மறுபடி ‘வூ’வுக்குத் திரும்புகிறான்: “தைரியமாக இருங்கள், எம்மா! தைரியமாக இருங்கள்! உங்கள் வாழ்க்கையை நான் துயரத்தில் தள்ள விரும்பவில்லை.” அந்த ‘உங்கள்’ என்ற ஒரு சொல்லில் கதவு சாத்தப்படும் ஓசை கேட்கிறது. ஆங்கிலத்தில் மூன்று இடத்திலும் முன்னிலைச் சொல் ஒன்றே. அதைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் காதலன் எழுதும் கடிதம்தானே என்று ‘நீ’ போட்டுவிடுவார், நாவலின் கொடுமையான இடங்களில் ஒன்று சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

இலங்கைத் தமிழில் மூன்றாவது படியாக ‘நீர்’ இருக்கிறது. மேல்நிலையில் உள்ளவர் தமக்குக் கீழே உள்ளவரை ‘வூ’ என்று அழைக்கும் இடங்களில், மரியாதையும் தூரமும் ஒருசேர வேண்டியிருக்கும்போது, அது மிகப் பொருத்தமாக உட்காரும். ஆனால் யார் யாருக்கு எதைச் சொல்கிறார்கள் என்று தனியாக ஒரு கொப்பியில் அட்டவணை எழுதாமல் இதைத் தொடங்காதீர்கள். எங்கள் கொப்பியில் ஒவ்வொரு இணைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. மாறும் அத்தியாயம் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருக்கிறது.

கதைகூறலில் அவன், அவர், அவள் என்பதும் இதே அளவு பாரமான முடிவு. பிரெஞ்சுப் படர்க்கைக்கு மரியாதை ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஷார்ல் முதல் அத்தியாயத்தில் மாணவன், அங்கே ‘அவன்’ இயல்பு. மருத்துவம் செய்யத் தொடங்கியதும் ‘அவர்’ ஆக்கலாமா என்று நாங்கள் ஒரு மாதம் வாதிட்டோம். ஆக்கினால் கதைகூறுபவர் அவனை மதிக்கத் தொடங்கியதாகிவிடும். அப்படி ஒரு குறிப்பு மூலத்தில் இல்லை. கடைசியில் ஷார்லும் எம்மாவும் லெயோனும் ரொடோல்ஃபும் இறுதிவரை ‘அவன்’, ‘அவள்’. மருந்துக்கடைக்காரர் ஒமேக்கு மட்டும் எப்போதும் ‘அவர்’. ஊர் அவரை மதிக்கும் விதமும், அவர் தம்மையே மதிக்கும் விதமும் அந்த ஒரு விகுதியில் வந்துவிடுகின்றன. நாவலின் கடைசி வாக்கியம் அவரைப் பற்றியது. இறந்தகாலத்தில் ஓடிவந்த கதை அங்கே நிகழ்காலத்துக்கு வந்து நிற்கிறது. “அவருக்கு அண்மையில் கௌரவச் சிலுவை கிடைத்துள்ளது.” செய்தித்தாளில் வரும் ‘கிடைத்துள்ளது’ என்ற வடிவத்தை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தோம், வேறு எங்கும் அதைக் கையாளாமல் இந்த ஒரு வாக்கியத்துக்காகச் சேமித்து வைத்திருக்கிறோம்.

‘வருவாள்’ என்ற இறந்தகாலம்

பிரெஞ்சில் ‘அம்பார்ஃபே’ என்றொரு இறந்தகால வடிவம் உண்டு. முடிந்த செயலை அது சொல்வதில்லை. தொடர்ந்ததை, அல்லது மறுபடி மறுபடி நடந்ததைச் சொல்கிறது. எம்மாவின் சலிப்பு முழுவதையும் ஃபுளோபேர் இந்த வடிவத்தால் கட்டியிருக்கிறார். தமிழில் எல்லாவற்றையும் ‘வந்தாள், பார்த்தாள், போனாள்’ என்று எழுதினால், ஒரே நாளில் ஒரே தடவை நடந்தவை போல ஆகிவிடும். ‘வந்துகொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்று நீட்டினால் வாசகர் இரண்டு பக்கத்தில் களைத்துவிடுவார்.

நம் பாட்டிமார் பழைய கதை சொல்லும்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “அந்தக் காலத்தில் அவர் விடிய எழும்பி வாவிக்குப் போவார், வந்து பழஞ்சோறு சாப்பிடுவார், மறுகா வயலுக்குப் போவார்” என்பார்கள். எதிர்கால விகுதியால் இறந்தகால வழக்கத்தைச் சொல்லும் இந்த ஆற்றல் தமிழுக்குப் பிறவியிலேயே அமைந்தது. எம்மா நாயைக் கூட்டிக்கொண்டு உலாவப் போகும் பகுதியை நாங்கள் இப்படி எழுதினோம்: “அந்த நாட்களில் அவள் பான்வில் தோப்பு வரை நடந்துபோவாள். முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பாள், கடைசியாக வந்துபோனதிலிருந்து ஏதேனும் மாறியிருக்கிறதா என்று.” தொடக்கத்தில் ‘அந்த நாட்களில்’ என்ற ஓர் ஆணியை அடித்துவிட்டால், ஒரு முழுப் பத்தியும் ‘-வாள்’ விகுதியில் தொங்கும்; எதிர்காலம் என்று எவரும் மயங்கமாட்டார்கள். பிறகு ஒரு நாள் உண்மையாகவே ஏதோ ஒன்று நடக்கும்போது ‘வந்தான்’ என்று வினைமுற்று மாறும், வாசகர் நிமிர்ந்து உட்காருவார். மொழிபெயர்க்கத் தொடங்குமுன் அத்தியாயத்தின் ஒவ்வொரு வினைக்கும் கீழே எந்தக் கால வடிவம் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எழுதிய எங்கள் முதல் இரண்டு அத்தியாயங்களையும் முழுவதுமாகக் கிழித்துப் போட நேர்ந்தது.

இதோடு சேர்ந்தது, கதைகூறுபவரின் குரலும் எம்மாவின் நினைவும் ஒன்றாகக் கலந்துவரும் வாக்கியங்கள். ‘என்று நினைத்தாள்’ என்ற குறிப்பு எதுவும் மூலத்தில் இராது. வழக்கில் அரசதரப்புக்காகப் பேசிய எர்னெஸ்ட் பினார் தாக்கிய பகுதிகளில் இத்தகையவையும் உண்டு. கதைமாந்தரின் நினைவா, ஆசிரியரின் கருத்தா என்று பிரிக்க முடியாமை அவரைக் கலங்கச் செய்தது. தமிழில் எழுதும்போது கை தானாகவே ‘என்று’ போடப் போகும், அதைத் தடுங்கள். ‘தான்’, ‘தன்’, ‘தனக்கு’ என்ற சொற்கள் அந்த வேலையைச் செய்யும். “கிடைக்காது என்று கைவிட்டிருந்த காதலின் அந்த இன்பங்கள், மகிழ்ச்சியின் அந்தக் காய்ச்சல், கடைசியில் தனக்கும் கிடைக்கப்போகின்றன.” ‘அவளுக்கு’ என்று எழுதியிருந்தால் சொல்பவர் ஆசிரியர், ‘தனக்கு’ என்றதும் நாம் எம்மாவின் நெஞ்சுக்குள் இருக்கிறோம்.

பொருட்களும் பதவிகளும்

ஷார்ல் முழுமையான வைத்தியன் அல்லன். 1803 இல் பிரான்சு ஏற்படுத்தி 1892 இல் ஒழித்த ஒரு கீழ்நிலை மருத்துவப் பதவியில் இருப்பவன். பெரிய அறுவைச் சிகிச்சையை வைத்தியர் ஒருவரின் மேற்பார்வையில்லாமல் செய்ய அவனுக்கு அனுமதியில்லை. இப்போலித் என்பவனின் வளைந்த பாதத்தை அறுவையால் சரிசெய்யப் போய் அவன் கெடுக்கும் அத்தியாயத்தின் பாரம் அந்த எல்லையில்தான் இருக்கிறது. வெறுமனே ‘டொக்டர்’ என்று எழுதினால் அது போய்விடும். நம் முதியவர்கள் நாட்டு ஆசுப்பத்திரிகளில் இருந்த ‘அப்போதிக்கரி’யை இன்னும் மறக்கவில்லை, அவரும் முழு வைத்தியர் அல்லர், ஆனால் ஊரின் உயிர் அவர் கையில் இருந்தது. ஷார்லுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. ஒரே ஆபத்து, மேலைநாட்டு வழக்கில் அச்சொல் மருந்து விற்பவரைக் குறிக்கும் என்பதால் ஒமேயோடு குழம்பக்கூடும். எனவே ஒமேயை எங்கும் ‘மருந்துக்கடைக்காரர்’ என்றே எழுதுங்கள்.

வீட்டுப் பொருட்களில் இலங்கைத் தமிழ் நமக்கு அள்ளித் தருகிறது. குசினி, பாண், அலுமாரி, கதிரை, சப்பாத்து, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள்; பிரெஞ்சுக் ‘குய்சின்’னுக்கும் நம் ‘குசினி’க்கும் வேர் ஒன்றே. ஓர் ஐரோப்பிய வீட்டை வர்ணிக்க ‘சமையலறை’, ‘ரொட்டி’ என்று தேடிப் போக வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

சமயச் சொற்களுக்குப் புளியந்தீவிலோ தாண்டவன்வெளியிலோ உள்ள வயதான கத்தோலிக்கர் ஒருவரோடு ஒரு மாலை உட்காருங்கள். எம்மா வளர்ந்தது ‘கன்னியர் மடம்’. அவளுடைய இறுதிக் காட்சியில் குருவானவர் கண், மூக்கு, வாய், கை, கால் என்று எண்ணெய் பூசுகிறார். இன்று ‘நோயிற்பூசுதல்’ என்பார்கள், ஆனால் பழைய பெயர் ‘அவஸ்தைப்பூசுதல்’. 1857 இன் நாவலுக்கு அந்தப் பழைய பெயரே உரியது. இந்துவோ முஸ்லிமோ ஆன வாசகருக்கு இது புதிதாக இருக்கும் என்பது உண்மை. அடிக்குறிப்பு இட்டால் மரணப் படுக்கையிலிருந்து கண்ணை விலக்கிவிடுவோம் என்பதால், நூலின் இறுதியில் சிறு சொல்விளக்கம் வைத்தோம்.

எங்கே நிறுத்துவது என்பதும் தெரிய வேண்டும். எம்மாவின் தகப்பன் ருவோல் காணியும் வேலையாட்களும் உள்ள விவசாயி. அவரை நம் ஊர்ப் பெரிய வயற்காரரைப்போல் ‘போடியார்’ என்று அழைத்துவிடலாம் என்று எங்களில் ஒருவர் ஆசைப்பட்டார். போடியார் வந்தால் நெல்வயல் வட்டையும் வயல்வேலை செய்யும் முல்லைக்காரனும் கோயில் உரிமையும் கூடவே வந்துவிடும். ஆப்பிள் தோட்டமும் கோதுமையும் உள்ள நோர்மாண்டி மறைந்துவிடும். அதே காரணத்தால் ‘வேளாண்மை’ என்ற சொல்லையும் தவிர்த்தோம், நம் பக்கத்தில் அது நெல்லைத் தவிர வேறெதையும் நினைவூட்டுவதில்லை. ‘பயிர்ச்செய்கை’ போதும். நாவலின் துணைத் தலைப்பில் உள்ள ‘புரொவான்ஸ்’ என்பதை ‘மாகாணம்’ என்று எழுதினால் மாகாணசபைதான் கண்முன் வரும். ‘ஊர்ப்புற வழக்கங்கள்’ என்பதே அதன் பொருளுக்கு நெருக்கம்.

கடன் பற்றிய அத்தியாயங்களில் ஒரு எண்ணைக்கூடச் சுருக்காதீர்கள். லெரோ என்ற வியாபாரி கடன்சீட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து எழுத வைத்து, கடைசியில் இருபத்துநான்கு மணிநேரத்தில் 8,000 பிராங் கட்டும்படி நீதிமன்றக் கட்டளை வரும்வரை எம்மாவைக் கொண்டுபோகிறான். நுண்கடன் தவணைக்காக வாசலில் ஆள் வந்து நிற்பதை அறிந்த பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்; அவர்கள் இந்தப் பக்கங்களை எந்த விமர்சகரையும்விடக் கவனமாக வாசிப்பார்கள். வீட்டுப் பொருட்களைப் பட்டியலிட வரும் நீதிமன்ற ஆளுக்கு நம் பழைய வழக்கான ‘பிஸ்கால்’ பொருந்தும்.

பேச்சும் செவியும்

உரையாடலை இலங்கைப் பொதுப் பேச்சுக்கு அருகில் வைத்தோம். மட்டக்களப்பு வட்டார அடையாளங்களை ஏற்றவில்லை. ருவோலை ஒரு தடவை ‘மறுகா’, ‘ஒள்ளுப்பம்’ என்று பேசவைத்துப் பார்த்தபோது, வாசித்துக் காட்டிய இடத்தில் சம்மாந்துறை நண்பர் ஒருவர் தன் மாமனாரையே கண்டுவிட்டதாகச் சொன்னார். ருவோல் காணாமல் போய்விட்டார். ஆனால் அவர் மகளுக்கு வான்கோழியோடு அனுப்பும் கடிதம் விலக்கு. அடுப்புச் சாம்பலால் மை உலர்த்தப்பட்ட, எழுத்துப்பிழைகள் நிறைந்த கடிதம் அது. தமிழில் லகர ளகர, னகர ணகர மயக்கங்களை நான்கைந்து இடத்தில் மட்டும் விட்டுவைத்தோம். அதற்கு மேல் போனால் அந்த அன்பைக் கேலி செய்வதாகிவிடும்.

விவசாயக் கண்காட்சியில் மேலே ரொடோல்ஃப் காதல் பேச, கீழே பரிசு அறிவிக்கப்படுகிறது. “நூறு தடவை போய்விட நினைத்தேன், ஆனாலும் உங்களைப் பின்தொடர்ந்தேன், நின்றுவிட்டேன்.” உடனே கீழிருந்து: “எரு!” இரண்டுக்கும் இடையில் ‘அதே வேளையில்’ என்றோ ‘மேடையிலிருந்து’ என்றோ ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். பரிசுச் சொல் ஒற்றைச் சொல்லாக, குறுகியதாக விழ வேண்டும். ‘இயற்கைப் பசளை வகை’ என்று நீட்டினால் அடி விழாது.

ஃபுளோபேர் தம் வாக்கியங்களை குறுவாசேயில் இருந்த வீட்டில் உரக்கக் கத்தி வாசித்துத்தான் சரிபார்ப்பார். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடும் ஊர்களில் பிறந்த நமக்கு இது புதிதல்ல. கொப்பியில் உள்ள பாட்டு வாயில் வராவிட்டால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அதைக் களரிக்கு விடமாட்டார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் மூலத்தைப் பார்க்காமல் கேட்கட்டும். மூச்சு முட்டும் இடம், எழுவாய் யார் என்று மறந்துபோகும் இடம், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வரும் இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பக்கம் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் செய்ய முயல வேண்டாம். மொத்தம் 35 அத்தியாயங்கள். மூன்று ஆண்டு ஆகும் என்று எண்ணித் தொடங்கினால் ஏமாற்றம் இராது.

முழுப் படியும் ஆயத்தமானதும் ஆறு மாதம் மூடி வையுங்கள். பிறகு பிரெஞ்சு அறியாத மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் இளைஞராகவும், ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் நாவல் வாசிக்கும் பழக்கம் இல்லாதவராகவும் இருப்பது நல்லது. அவர்கள் குறிக்கும் இடங்களை மூலத்தோடு ஒப்பிட்டு, மூலமே கடினமாக இருந்தால் அப்படியே விடுங்கள், உங்கள் தமிழ் கடினமாக இருந்தால் திருத்துங்கள். அச்சுக்குப் போகுமுன் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என். எண் பெற வேண்டும். தலைப்புப் பக்கத்தில் ‘பிரெஞ்சிலிருந்து தமிழில்’ என்ற சொற்களையும், பின்பற்றிய பதிப்பின் ஆண்டையும் தெளிவாக அச்சிடுங்கள்.